நேர்கோட்டில் நான்கு மணி பன்னிரண்டு நிமிடம்

அந்தத் தெருவில் அவனுக்குப் பெயர் கிலோமீட்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருந்தது. அது அங்கேயே சும்மா கிடந்தது. வயது முப்பத்தெட்டு. முன்பக்கம் முடி போய்விட்டது, பின்பக்கம் நாற்காலியில் உரசி உரசிக் கால்சட்டை போய்க்கொண்டிருந்தது. உலகத்தில் எந்த இரண்டு ஊரைச் சொன்னாலும் நடுவில் எத்தனை கிலோமீட்டர், விமானத்தில் எத்தனை மணி நேரம் என்று மூச்சு விடாமல் சொல்லிவிடுவான். சொன்னது சரியா தப்பா என்று பார்க்கிற அளவுக்கு அந்தத் தெருவில் மிச்சமிருந்த யாரும் எங்கேயும் போனதில்லை. அதனால் அவன் மரியாதைக்கு ஒரு குறையும் வரவில்லை.

அவன் வேலை பார்த்த இடம் ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. ஐந்து கம்ப்யூட்டர், ஆறு நாற்காலி. ஆறாவது நாற்காலிக்கு மூன்று கால்தான், அது சுவரில் சாய்ந்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனை, மூடினால் மேனேஜர் வாசனை. அங்கே ஒரு இணையதளம் நடத்தினார்கள். இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று யாராவது தேடினால் இந்தத் தளத்தின் பக்கம் ஒன்று வந்து நிற்கும். உலகத்தில் ஊர்களுக்கா பஞ்சம்? இரண்டு இரண்டாகச் சேர்த்தால் ஆயுசுக்கும் வேலை இருக்கும். ஒரு நாளைக்கு அறுபது பக்கம் எழுத வேண்டும்.

கணக்கு ரொம்பச் சுலபம். வரைபடத்தில் இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டின் நீளத்தை எண்ணூறால் வகுத்தால் மணி. ஏறுவதற்குக் கால் மணி, இறங்குவதற்குக் கால் மணி, ஆக அரை மணி சேர்த்தால் முடிந்தது. நடுவில் மலை இருக்கிறதா, சண்டை நடக்கிறதா, அந்தக் கோட்டின் மேல் உண்மையிலேயே ஏதாவது பறக்கிறதா என்றெல்லாம் கணக்கு கவலைப்படாது. பக்கத்தின் அடியில் ஒரு கட்டம் மட்டும் இருந்தது. 'நேரடி விமானம்: உண்டு / இல்லை.' அதை யாரும் நிரப்புவதில்லை.

"அதைப் பாத்துட்டு உக்காந்தா ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் போயிடும். சும்மா விட்டுடு" என்று மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். "தூரம் கேட்டவனுக்குத் தூரம் சொல்றோம். மிச்சம் அவன் பாடு."

கிலோமீட்டர் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. அடிவயிற்றை மட்டும் பார்த்திருக்கிறான், அதுவும் கழுத்தை ஒடித்துக்கொண்டு. அவன் மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே கேட்பாள்: "ஏங்க, அடுப்படிக்கும் தண்ணிக் குழாய்க்கும் எத்தனை கிலோமீட்டர்? ஒரு குடம் கொண்டாந்து வைக்க உங்களுக்கு எத்தனை மணி நேரம் ஆகும்?"

"நேரடி சர்வீஸ் இல்லை" என்பான். அவள் கத்தரிக்கோலைத் தூக்குவாள். அவன் குடத்தைத் தூக்குவான்.

அந்த வீட்டில் அவன் கணக்கை முழுசாக நம்பிய ஒரே ஆள் அம்மா.

வேலைக்குச் சேர்ந்த அன்று, ஒரு பக்கம் எழுதிக் காட்டு என்று மேனேஜர் சொன்னபோது, அவன் யோசிக்காமல் இரண்டு ஊரை எடுத்தான். ஒன்று இவர்கள் ஊர். இன்னொன்று அண்ணன் இருந்த ஊர். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பிழைக்கப் போய் ஒன்பது வருடம். முதலில் வேறு ஊர், அங்கிருந்து இரண்டு தடவை வந்துபோனான். அப்புறம் கம்பெனி இந்தத் தூரத்து ஊருக்கு மாற்றியது. நாற்பது மாடிக் கட்டடம், பதினாறு லிஃப்ட். அதற்குப் பிறகு நான்கு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலை போன் மட்டும்தான் வந்தது.

இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது கிலோமீட்டர். எண்ணூறால் வகுத்து, அரை மணி சேர்த்தால் நான்கு மணி பன்னிரண்டு நிமிடம்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னான். அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள்.

"அவ்வளவுதானா? நான் அவன் எங்கேயோ உலகத்து மூலையில இருக்கான்னு நெனச்சேன். காலைல குளிச்சுட்டுக் கிளம்பினா மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுல இருக்கலாமே."

அந்த வாக்கியம் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. மறுநாள் போய் அதையே அந்தப் பக்கத்தின் கடைசி வரியாகப் போட்டான்: 'காலையில் குளித்துவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம்.' மேனேஜர் படித்துவிட்டு, "பரவாயில்லை, ஆளு பேசுற மாதிரி எழுதுறே" என்று வேலையை உறுதி செய்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் போனை வைத்ததும் அம்மா கேட்பாள்: "சின்னவனே, பெரியவன் எவ்வளவு தூரத்துல இருக்கான்?"

"நாலு மணி பன்னெண்டு நிமிஷம்மா."

"பக்கம்தான்" என்பாள்.

வாரத்துக்கு ஒரு தடவை, நான்கு வருடம். இருநூறு தடவைக்கு மேல் சொல்லியிருப்பான். ஒரு பொய்யை இருநூறு தடவை சொன்னால் சொன்னவனுக்கே அது பொய் என்பது மறந்துபோகும். இது பொய்கூட இல்லை, கணக்கு. கணக்கை மறப்பது அதைவிடச் சுலபம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அம்மா துணி காயப்போடப் போனவள், கொடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர வழி தெரியாமல் தவிக்கிறது. ஆஸ்பத்திரியில் அந்த நேரத்து டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு அவனை வெளியே கூப்பிட்டார்.

"நுரையீரல் ரெண்டும் போயிடுச்சு. ரெண்டு நாள், மிஞ்சினா மூணு. வர வேண்டியவங்க யாராவது இருந்தா வரச் சொல்லிடுங்க."

வர வேண்டியது ஒரே ஆள்தான். அம்மா கட்டிலில் படுத்தவுடன் கேட்டதும் அவனைத்தான். "பெரியவனுக்குச் சொன்னியா? அவனை ஒரு தடவை பாத்துட்டா போதும்டா. வேற எதுவும் வேண்டாம்."

வராந்தாவில் நின்று போன் போட்டான். பக்கத்தில் ஒருவர் காலில் கட்டோடு உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அம்மாவுக்கு முடியலை. டாக்டர் வரச் சொல்லிட்டாரு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இரும்புச் சத்தம் மட்டும் கேட்டது. "இரு. நான் பாத்துட்டுக் கூப்பிடுறேன்."

பத்து நிமிடத்தில் கூப்பிட்டான். குரல் கொஞ்சம் தேறியிருந்தது. "பாத்தேன்டா. நாலு மணி நேரம்தானே? இங்க பாதி லிஃப்ட் கழட்டிக் கிடக்கு, உள்ள ஆளுங்க வேலை பாக்குறாங்க. அப்படியே போட்டுட்டு வர முடியாது. நாளைக்கு ஒருத்தனைப் புடிச்சு ஒப்படைச்சுட்டு, வியாழக்கிழமை காலைல பத்து மணிக்குக் கிளம்புறேன். மத்தியானம் வந்துடுவேன். சரிதானே?"

இந்த இடத்தில்தான் கிலோமீட்டர் தன் வாழ்க்கையிலேயே பெரிய தப்பைச் செய்தான். தினம் அறுபது பக்கம் எழுதுகிறவன், அந்தக் கட்டம் காலியாக இருப்பதை அறிந்தவன், கோட்டின் மேல் எதுவும் பறக்க வேண்டியதில்லை என்பதை அறிந்தவன்தான். ஆனாலும் அவன் வாய் தானாகச் சொல்லிற்று:

"ஆமாண்ணா. நாலு மணி பன்னெண்டு நிமிஷம்."

உள்ளே போய் அம்மாவிடமும் சொன்னான். "வியாழக்கிழமை பத்து மணிக்கு ஏறுறான்."

அம்மா கதவுக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மூக்கில் குழாயோடு விரல் மடக்கினாள். "ரெண்டேகாலுக்கு வந்துடுவான்" என்றாள். அதற்கப்புறம் அவள் மூச்சு விடுவதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டாள். வியாழக்கிழமை ரெண்டேகால் வரைக்கும் செய்ய வேண்டிய வேலை.

புதன்கிழமை பிற்பகல் போன் வந்தது. அவன் பழச்சாறு வாங்க வரிசையில் நின்றிருந்தான்.

"டேய் தம்பி." அண்ணன் குரல் வேறு யாரோ பேசுவது போல இருந்தது. "நேரா வர்ற ஃப்ளைட்டே கெடையாதாம்டா. டிக்கெட் போடுறவர் சிரிக்கிறாரு. மொதல்ல எதிர்த் திசையில ரெண்டு மணி நேரம் போகணும், அங்க உக்காரணும், அப்புறம் இன்னொரு ஊரு, அங்கயும் உக்காரணும். மொத்தம் இருபத்தோரு மணி நேரம். தினமும் ஒண்ணுதான், காலைல பத்து மணிக்கு. இன்னிக்கு உள்ளது போயிடுச்சு."

"அப்போ?"

"நாளைக்குப் பத்து மணிக்கு ஏறினா வெள்ளிக்கிழமை காலைல ஏழு மணிக்கு அங்க. நேத்து நீ போன் பண்ணதுமே கெளம்புறதுன்னு முடிவு பண்ணியிருந்தா இன்னிக்கு ஏறியிருப்பேன். நாளைக்கே வந்திருப்பேன்டா." மூச்சு வாங்கினான். "அம்மா தாங்குவாங்களா?"

"தாங்குவாங்கண்ணா" என்றான் கிலோமீட்டர். பின்னால் நின்றவர் தோளைத் தட்டினார், வரிசை நகர்ந்துவிட்டிருந்தது. நகர்ந்தான்.

அம்மாவிடம் அவன் சொல்லவில்லை. மனைவி கேட்டாள், "சொல்லிடலாம்ல? பாவம், எண்ணிக்கிட்டே கிடக்கிறாங்க."

"எண்ணுறதாலதான் கிடக்கிறாங்க" என்றான். அவள் பழச்சாற்றை இரண்டு டம்ளரில் ஊற்றி ஆற்றினாள். அது ஏற்கெனவே குளிர்ந்துதான் இருந்தது.

வியாழன் காலை பத்து மணிக்கு அம்மா தலையணையை உயர்த்தச் சொன்னாள். பேச்சு இரண்டிரண்டு வார்த்தையாகத்தான் வந்தது. "ஏறிட்டானா?"

"ஏறிட்டான்மா." அது உண்மை. எந்தத் திசைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"எங்க இருக்கான் இப்ப?"

கிலோமீட்டர் கடிகாரத்தைப் பார்த்தான். தன் தொழிலில் அவனுக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அந்த நேர்கோட்டின் மேல் அண்ணனை ஏற்றி விட்டான்.

பத்தேகாலுக்கு, "மேல ஏறிட்டான்மா. இப்ப நேரா வர்றான்."

பதினொன்றுக்கு, "அறுநூறு கிலோமீட்டர் ஆச்சு."

"கீழ என்ன தெரியும்?"

"கடல்."

"பயப்படுவானா?"

"நாப்பது மாடி லிஃப்ட்டுல தொங்குறவன், அவனுக்கு என்னம்மா பயம். தூங்கியிருப்பான். வாயைத் திறந்துட்டு."

அம்மாவின் உதடு ஒரு பக்கம் கொஞ்சம் ஏறிற்று. சின்ன வயதில் பெரியவன் வாயைத் திறந்து தூங்கும்போது சின்னவன் அதில் உப்பைப் போடுவான். அந்த அடி இன்னும் இரண்டு பேர் முதுகிலும் இருக்கும், போட்டவனுக்கும் வாங்கியவனுக்கும். அம்மா அடிக்கும்போது யார் செய்தது என்று விசாரிக்க மாட்டாள்.

பன்னிரண்டு ஆறுக்கு, "பாதி தூரம் தாண்டிட்டான்மா. இப்ப அந்த ஊரைவிட நம்ம ஊருதான் அவனுக்குப் பக்கம்."

இதைக் கேட்டு அம்மா கண்ணை மூடினாள். நர்ஸ் வந்து விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்தாள், எண்ணைப் பார்த்தாள், இவனைப் பார்த்தாள், கிளிப்பைக் கழற்றிக்கொண்டு போனாள். அந்த நேரம் அண்ணன் நிஜமாகவே எதிர்த் திசையில் இறங்கி, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு விமான நிலையக் கூடத்தில், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். அதைப் படமெடுத்தும் அனுப்பியிருந்தான். கிலோமீட்டர் போனைக் கவிழ்த்து வைத்தான்.

ஒரு மணிக்கு எழுநூற்று அறுபது மிச்சம். ஒன்றரைக்கு முன்னூற்று அறுபது. அம்மா ஒவ்வொரு எண்ணுக்கும் விரலை மட்டும் அசைத்தாள். ஒன்று ஐம்பத்தேழுக்கு மிச்சம் எதுவும் இல்லை. கணக்குப்படி இனி இறங்க வேண்டிய கால் மணி நேரம்தான்.

இறக்கினால் யார் கதவைத் திறந்துகொண்டு வருவது?

இரண்டு பன்னிரண்டு ஆயிற்று. அம்மா கதவைப் பார்த்தாள். தள்ளுவண்டியோடு ஒருவர் போனார். வேறு யாரோ, வேறு யாரையோ பார்க்க ஒரு கூடையோடு எட்டிப் பார்த்து, தப்பான அறை என்று தலையை இழுத்துக்கொண்டார்.

"வரலையே."

கிலோமீட்டருக்கு அப்படி ஒரு பொய் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது. "வந்துட்டான்மா. ஊருக்கு மேலதான் இருக்கான். கீழ இடமில்ல, நாலஞ்சு ஃப்ளைட்டு வரிசையில நிக்குது. அதனால சுத்திட்டிருக்காங்க."

"மேலயா?"

"மேலதான்மா."

அம்மா கதவை விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தாள். அங்கே ஒரு மின்விசிறி, அதன் நடுவில் தூசி. அதையே பார்த்தாள். "சுத்தட்டும்" என்றாள். "அவசரப்பட வேணாம்னு சொல்லு."

"சொல்றேன்மா."

இரண்டு நாற்பதுக்கு, அண்ணன் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே, அம்மா மூச்சு விடும் வேலையை முடித்துக்கொண்டாள். கிலோமீட்டர் கொஞ்ச நேரம் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. மனைவி வந்து கிலோமீட்டரின் கையை அம்மாவின் கையிலிருந்து பிரித்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு அண்ணன் ஒரே ஒரு பையோடு வீட்டு வாசலில் நின்றான். காலில் வேலைக்குப் போடும் பூட்ஸ் இருந்தது. அம்மாவைப் பார்த்தான். முகத்தைத் தொடப் போன கையை இழுத்து, கிரீஸ் இருக்கிறதா என்று சட்டையில் துடைத்துவிட்டு, பிறகு தொட்டான்.

எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு, சாயங்காலம், அண்ணன் தையல் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். தன் போனை எடுத்துத் தம்பியிடம் நீட்டினான்.

"இதைப் பாத்துத்தான்டா ஏமாந்தேன். தேடுனதும் மொத ஆளா இதான் வந்துச்சு. எவனோ ஒரு மடையன் எழுதி வச்சிருக்கான்."

கிலோமீட்டர் வாங்கவில்லை. வாங்காமலே அவனுக்குத் தெரிந்தது.

"நாலு மணி பன்னெண்டு நிமிஷம்னு போட்டதுக்காக நம்பலை. அதுக்குக் கீழ ஒரு வரி இருக்கு பாரு. 'காலையில் குளித்துவிட்டுக் கிளம்பினால்...'" அண்ணன் நிறுத்தினான். "அம்மா பேசுற மாதிரியே இருந்துச்சு. அவங்களே சொல்ற மாதிரி. அதான் வேற எதையும் பாக்கலை."

தையல் மிஷின் நின்றது. மனைவிக்கு விஷயம் தெரியும். அவள் நூலைப் பற்களால் கடித்து அறுத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"அண்ணா, அந்த மடையன் நான்தான்."

அண்ணன் அவனைப் பார்த்தான்.

"அது அம்மா சொன்னதுதான். நான் எழுதிப் போட்டேன். அது வெறும் கோடுண்ணா. நேரா ஒரு கோடு. ஃப்ளைட்டு இருக்கா இல்லையான்னு நாங்க பாக்குறதில்லை."

"போன்ல நான் சரிதானேன்னு கேட்டேன். ஆமான்னியே."

"ஆமா."

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும். மறந்துட்டேன்."

ஒரு அடி விழும் என்று அவன் எதிர்பார்த்தான். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணன் போனைப் பையில் வைத்தான், பூட்ஸ் கயிற்றைக் கட்டினான், அவிழ்த்தான், மறுபடியும் கட்டினான். நான்கு நாள் இருந்துவிட்டுப் போனான். சாப்பாடு, தூக்கம் என்ற பேச்சையெல்லாம் தம்பி மனைவியோடு வைத்துக்கொண்டான். போகும்போது, "வர்றேன்மா" என்று அவளிடம் சொன்னான். தம்பியிடம் தலையை மட்டும் ஆட்டினான்.

கிலோமீட்டர் வேலைக்குப் போனான். முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத் திறந்து, கடைசி வரியை அழித்தான். காலியாகக் கிடந்த கட்டத்தில் 'இல்லை' என்று போட்டான். அதன் கீழே எழுதினான்: 'உண்மையில் இருபத்தொரு மணி நேரம் ஆகும். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் இன்றே கிளம்புங்கள்.'

மேனேஜர் பார்த்துவிட்டார். "இதென்ன, ஆஸ்பத்திரி நோட்டீஸ் மாதிரி? ஆளுங்க நல்லா வந்துட்டிருந்த பக்கம்யா அது."

"சார், அது தப்பா இருந்துச்சு."

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது தப்பா?"

"இல்லை சார்."

"அப்புறம் என்ன?"

மேனேஜர் பழைய வரியைத் திரும்பப் போட்டார். மறுநாள் இவன் எடுத்தான். மேனேஜர் போட்டார். இவன் எடுத்தான். நான்காவது நாள் மேனேஜர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "அந்த ஒண்ணை மட்டும் வச்சுக்கோ, போ" என்றார். அவன் அந்த ஒன்றோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் கட்டத்தை நிரப்பப் பார்த்தான். அறுபது பக்கம் பதினெட்டாகக் குறைந்தது. மாசக் கடைசி வரைக்கும்தான் வைத்துக்கொள்வேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அப்போதும் அவன் நிரப்பிக்கொண்டுதான் இருந்தான். பெரும்பாலும் 'இல்லை'தான். இத்தனை கோடுகள் போட்டும் அநேகமாக எதன் மேலும் ஒன்றும் பறக்கவில்லை.

தெருவில் யாராவது, "கிலோமீட்டர், அந்த ஊருக்கு எவ்வளவு நேரம்ப்பா?" என்றால், "விசாரிச்சுச் சொல்றேன்" என்றான். அதற்கப்புறம் கேட்பது குறைந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. இரண்டாவது ஞாயிறும் வரவில்லை. அந்த நேரத்துக்கு அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மனைவி குடத்தை அவனிடம் கேட்காமல் தானே தூக்கிக்கொண்டு போனாள்.

மூன்றாவது ஞாயிறும் மணி அடிக்கவில்லை. ஒரு செய்தி மட்டும் வந்தது, அண்ணனிடமிருந்து. இரண்டே வரி.

'பக்கத்தைப் பாத்தேன். இன்றேன்னு இருக்கு. இப்பவேன்னு மாத்து.'

அன்று அலுவலகம் விடுமுறை. டயர் கடைக்காரரிடம் சாவி வாங்கி மாடி ஏறினான். கம்ப்யூட்டர் உயிர் பெற ஏழு நிமிடம் ஆயிற்று. 'இன்றே' என்பதை அழித்தான். 'இப்போதே' என்று அடித்தான். ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, அதையும் அழித்து, அண்ணன் சொன்னபடி 'இப்பவே' என்றே போட்டான்.